மண்ணுக்கும் உடலுக்கும் இடையே

நுழையும்முன்

மலையேற்றம், சாரணர் முகாம், தேசிய மாணவர் படை முகாம் என மாணவர்கள் வீட்டுக்கு வெளியே இரவைக் கழிக்கும் வாய்ப்புகள் இன்று பெருகியுள்ளன. நடப்பதற்கான காலணியையும் உண்பதற்கான உணவையும் கருத்துடன் தேர்ந்தெடுப்போர், படுப்பதற்கான விரிப்பைக் கடைசியாகவே நினைக்கின்றனர். குளிர்ந்த தரையில் படுத்தவரின் உடல்வெப்பம் எவ்வழியே இழக்கப்படுகிறது, அவ்விழப்பைப் பாய்கள் எவ்வாறு தடுக்கின்றன, இடத்திற்கும் உடலுக்கும் ஏற்ற பாயைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மலைச்சரிவில் கூடாரம் அமைத்துத் தங்கும் பயணி ஒருவர், கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிந்து, தடித்த உறங்குபைக்குள் புகுந்து படுக்கிறார். முன்னிரவில் குளிர் தெரிவதில்லை. நள்ளிரவுக்குப் பின் முதுகும் இடுப்பும் சில்லிடுகின்றன. உடன் வந்தவர் கொடுத்த போர்வையையும் எடுத்து மேலே போர்த்துகிறார். அப்போதும் குளிர் குறைவதில்லை. புரண்டு புரண்டு படுத்து, விடியும்வரை உறக்கமின்றிக் கழிக்கிறார்.

மலையில் முதன்முறை தங்குவோர் பலருக்கும் நேர்வது இதுவே. போர்வை மேலிருந்து வரும் குளிரைத் தடுக்கும். ஆனால், அவரது வெப்பம் கீழ்நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. உறங்குபையில் அடைக்கப்பட்ட பஞ்சோ இறகோ உப்பியிருக்கும்போதுதான் வெப்பத்தைக் காக்கும். உடலின் அடியில் அகப்பட்ட பகுதி எடையால் நசுங்கித் தட்டையாகிவிடுகிறது. அதனால் எவ்வளவு விலையுயர்ந்த உறங்குபையாயினும் முதுகுப்புறத்தில் அது மெல்லிய துணியைப் போன்றதே. அவ்விடத்தில் உடலைக் காக்கும் பணி, கீழே விரித்த பாயினுடையது.

மலையேற்றத்தினர் 'ஸ்லீப்பிங் பேட்' என்றும் 'ஸ்லீப்பிங் மேட்' என்றும் வழங்கும் அவ்விரிப்பை முகாம்பாய் எனலாம். உறங்குபை உடலைச் சுற்றிப் போர்த்துவது. முகாம்பாய் உடலுக்கும் தரைக்கும் இடையே கிடப்பது. இவ்விரண்டும் சேர்ந்ததே முழுமையான படுக்கையாகும்.

பாயின் நெடும்பயணம்

தரைக்கும் உடலுக்கும் இடையே ஏதேனும் ஒன்றை இட வேண்டும் என்னும் அறிவு மிகப் பழமையானது. தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் ஏறத்தாழ 77,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படுக்கைகளின் எச்சங்களைத் தொல்லியலாளர்கள் கண்டறிந்தனர். 2011இல் அதுகுறித்த ஆய்வு வெளியாயிற்று. கோரைக் குடும்பத்துத் தாவரங்களின் தண்டுகளையும் இலைகளையும் அடுக்கி, அவற்றின்மீது பூச்சிகளை விரட்டும் தன்மையுடைய மர இலைகளை அம்மக்கள் பரப்பியிருந்தனர். மென்மை, வெப்பம், பூச்சிகளிடமிருந்து காப்பு ஆகிய மூன்றையும் ஒரே படுக்கையில் அவர்கள் தேடியிருந்தனர் என்பது இதனால் புலனாகிறது.

வட அமெரிக்காவின் பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்கள், பனிக்கட்டிகளால் எழுப்பிய வீட்டினுள் உயரமான மேடை அமைத்து, அதன்மீது காரிபூ என்னும் மானின் தோலை விரித்து உறங்கினர். அம்மானின் மயிரிழைகளுக்குள் நுண்ணிய காற்றறைகள் உள்ளன. மேடை குளிர்க்காற்றுக்கு மேலே உடலை உயர்த்தியது. தோல் உடல்வெப்பத்தை மேடைக்குச் செல்லவிடாமல் காத்தது.

தமிழ்நாட்டின் சமவெளியில் தேவை வேறாக இருந்தது. இங்குப் பெரும்பாலான இரவுகளில் உடலைக் குளிர்விப்பதே படுக்கையின் பணி. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி நெய்யப்படும் பத்தமடைப் பாய், புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. மெல்லிய அப்பாய் தரையின் ஈரத்தையும் தூசியையும் விலக்குகிறது. வியர்வை உலரக் காற்றோட்டம் தருகிறது. உடலின் மிகுவெப்பம் தரைக்குச் செல்வதைப் பெரிதும் தடுப்பதில்லை. கோடை இரவில் இஃது இன்பம் தரும். அதே பாயை உறைபனி படரும் உதகைப் புல்வெளியில் விரித்தால், சமவெளியில் நன்மையாக இருந்த பண்பே அங்குத் தீமையாகிவிடும். பாயின் தரத்தை அது விரிக்கப்படும் இடமே முடிவு செய்கிறது.

தெரியுமா?

இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி ஆகிய ஐந்தினால் ஆன படுக்கையைப் 'பஞ்சசயனம்' என்பது தமிழ் உரைமரபு. இவை ஐந்தும் தமக்குள் காற்றை மிகுதியாகத் தேக்கி வைப்பவை. இக்காலத்தில் கடுங்குளிருக்கென உருவாக்கப்படும் காற்றுப்பாய்கள் சிலவற்றின் உள்ளேயும் வாத்துத்தூவி அடைக்கப்படுகிறது. பள்ளி, அணை, சேக்கை, பாயல், அமளி என்பன படுக்கையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள்.

வெப்பம் இறங்கும் வழி

வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும். கடத்தல், சலனம், கதிர்வீசல் என அது செல்லும் வழிகள் மூன்று. உயிருள்ள உடல், வியர்வையும் மூச்சிலுள்ள ஈரமும் ஆவியாவதாலும் வெப்பத்தை இழக்கிறது. நிற்பவரின் உடலில் பாதங்கள் மட்டுமே தரையைத் தொடுகின்றன. படுத்தவரின் உடலிலோ தோள், முதுகு, இடுப்பு, தொடை, குதிகால் ஆகியன தரையோடு பொருந்துகின்றன. எனவே, கடத்தல்வழி இழப்பு பன்மடங்காகிறது. ஈரமண்ணும் பாறையும் பனியும் காற்றைவிட மிக விரைவாக வெப்பத்தைக் கடத்துவன. இரவு முழுதும் உடல் தரும் வெப்பத்தை அவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நீர், அதே அளவு காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பஞ்சு, இறகு, மயிர், வைக்கோல், நுரைப்பஞ்சு ஆகிய எல்லாவற்றின் பயனும் அவற்றினுள் அகப்பட்ட காற்றினால் வருவதே. நனைந்த பாயில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நனைந்த சமுக்காளம் தரையைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றுகிறது.

காற்று அசையாமல் இருக்க வேண்டும் என்பது இதில் முதன்மையான விதி. கடற்கரையில் மிதக்கப் பயன்படும் காற்றுமெத்தை பத்து சென்டிமீட்டர் தடிப்புடையதாக இருந்தாலும், குளிர்ந்த நிலத்தில் அதன்மீது படுத்தவர் நடுங்குவார். அதன் பெரிய அறைகளுக்குள் காற்று தடையின்றிச் சுழல்கிறது. மேலே உடலால் சூடான காற்று, கீழ்ப்புறக் குளிரோடு கலந்து வெப்பத்தை இழக்கிறது. அதே காற்று நூற்றுக்கணக்கான சிறு அறைகளில் பிரித்து அடைக்கப்பட்டால் அந்தச் சுழற்சி நின்றுவிடும்.

வெப்பத்தடை எண்

ஒரு பாய் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை 'ஆர் மதிப்பு' என்னும் எண்ணால் குறிப்பர். அதனை வெப்பத்தடை எண் எனலாம். எண் பெருகப் பெருகத் தடையும் பெருகும். முற்காலத்தில் நிறுவனங்கள் தத்தம் முறைப்படி இதனை அளந்து வெளியிட்டதால், ஒரு நிறுவனத்தின் பாயை இன்னொன்றின் பாயோடு ஒப்பிடுவது அரிதாக இருந்தது. 2018இல் ஏஎஸ்டிஎம் என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு, எஃப் 3340 என்னும் பொது அளவீட்டு முறையை வெளியிட்டது. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் இடையே பாயை வைத்து, சூடான தட்டின் வெப்பநிலை குறையாமல் காக்க எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்பதை அம்முறை அளக்கிறது. பாய் வாங்குவோர் இம்முறைப்படி அளந்த எண் உறைமீது அச்சிடப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் நன்று.

எண்ணின் பொருளை எளிய கணக்கால் உணரலாம். பாயின்மீது அச்சிடப்படும் எண் அடி, பாரன்ஹீட் அளவுகளில் அமைந்தது. அதனை 0.176ஆல் பெருக்கினால் மீட்டர், செல்சியஸ் அளவுக்கு மாறும். படுத்தவரின் தோல் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ், தரையின் வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ், பாயில் படியும் உடற்பரப்பு 0.4 சதுர மீட்டர் எனக் கொள்க. வெப்பநிலை வேறுபாடாகிய 30ஐப் பரப்பால் பெருக்கி, வெப்பத்தடையால் வகுத்தால் ஒவ்வொரு நொடியும் இழக்கப்படும் வெப்பம் கிடைக்கும்.

வெப்பத்தடை எண் 1 ஆயின் இழப்பு ஏறத்தாழ 68 வாட்.
வெப்பத்தடை எண் 2 ஆயின் இழப்பு ஏறத்தாழ 34 வாட்.
வெப்பத்தடை எண் 4 ஆயின் இழப்பு ஏறத்தாழ 17 வாட்.

உறங்கும்போது வளர்ந்த மனிதரின் உடல் உண்டாக்கும் வெப்பம் ஏறத்தாழ 70 முதல் 80 வாட் ஆகும். முதல் பாயில் படுத்தவர், தம் உடல் உண்டாக்கும் வெப்பம் அனைத்தையும் தரைக்கே கொடுத்துவிடும் நிலையில் இருக்கிறார். மூச்சின் வழியாகவும் மேற்புறமாகவும் இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்ய அவரிடம் ஏதும் மிஞ்சுவதில்லை. உடை ஓரளவு தடுப்பதாலும், உடலுக்குக் கீழுள்ள மண் சிறிது சூடாவதாலும் உண்மையான இழப்பு இக்கணக்கினும் குறையலாம். ஆயினும் பாய்களுக்கு இடையே உள்ள வேறுபாடு எத்தகையது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

இஃது உடல்நலம் தொடர்பான செய்தியுமாகும். உடலின் உள்வெப்பநிலை இயல்பாக 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை உடல்வெப்பத் தாழ்வு என மருத்துவர் கூறுவர். நடுக்கம், பேச்சுக் குழறல், தெளிவற்ற சிந்தனை என அது முற்றி, உயிருக்கும் இடர் விளைவிக்கும். அந்நிலைக்குச் செல்லாவிடினும், இரவெல்லாம் நடுங்கி உறக்கமிழந்தவர் மறுநாள் செங்குத்தான பாதையில் கால் இடறுவதற்கு வாய்ப்பு மிகுதி.

மூவகைப் பாய்கள்

இக்கால முகாம்பாய்களை அமைப்பின் அடிப்படையில் மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது நுரைப்பாய். ஒன்றோடொன்று இணையாத, மூடிய சிறு காற்றுக்குமிழ்கள் நிறைந்த நெகிழியால் ஆனது. ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிப்பும், ஏறத்தாழ 400 கிராம் எடையும், இரண்டை ஒட்டிய வெப்பத்தடை எண்ணும் உடையது. குமிழ்கள் மூடியிருப்பதால் நீரை உறிஞ்சாது. முள் குத்தினாலும் கல் கீறினாலும் பயன் குன்றாது. விலையும் குறைவு. பருமன் மிகுதியாதலால் பைக்கு வெளியே கட்டிச் செல்ல வேண்டியிருப்பதும், மென்மை குறைவாக இருப்பதும் இதன் குறைகள்.

இரண்டாவது தானே விரியும் பாய். அமெரிக்காவின் போயிங் விமான நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது 1971இல் வேலையிழந்த பொறியாளர்கள் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் ஆகியோர், ஜான் பரோஸ் என்பவருடன் இணைந்து 1972இல் சியாட்டில் நகரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி இவ்வகைப் பாயை உருவாக்கினர். காற்றுப்புகாத உறைக்குள் திறந்த குமிழ்களையுடைய நுரைப்பஞ்சை ஒட்டி, மூலையில் வால்வு ஒன்றை வைத்தனர். சுருட்டும்போது காற்று வெளியேறும். வால்வைத் திறந்து விரித்தால், நசுங்கிய பஞ்சு தன் பழைய வடிவுக்கு மீள முயன்று காற்றைத் தானே உள்ளிழுக்கும். காற்றின் மென்மையும், அக்காற்றைச் சுழலவிடாத பஞ்சும் ஒரே பாயில் கிடைத்தன. எடை சற்று மிகுதி என்பதே இதன் குறை.

மூன்றாவது காற்றுப்பாய். ஆறு முதல் பத்து சென்டிமீட்டர்வரை உயரும் இது, காற்றை நீக்கிச் சுருட்டினால் தண்ணீர்ப் புட்டியின் அளவுக்குள் அடங்கும். உள்ளே வெப்பத்தடுப்பு இல்லாத காற்றுப்பாய் கோடைக்கு மட்டுமே ஏற்றது. தூவியோ செயற்கை இழையோ அடைக்கப்பட்டவையும், வெப்பக்கதிரைத் திருப்பியனுப்பும் மெல்லிய பளபளப்பான படலங்கள் வைக்கப்பட்டவையும் பனியிலும் பயன்படும். குறைந்த எடையில் மிகுந்த வெப்பமும் மென்மையும் தருவது இவ்வகையே. ஆனால், விலை மிகுதி. ஒரு முள் குத்தினால் இரவு முழுதும் வெறுந்தரையில் படுக்க நேரும்.

மென்மையும் உடலமைப்பும்

வெப்பத்தை அடுத்து எண்ண வேண்டியது அழுத்தம். விசையைப் பரப்பால் வகுக்கக் கிடைப்பது அழுத்தம் என்பது இயற்பியல். மல்லாந்து படுப்பவரின் எடை முதுகு முழுதும் பரவுகிறது. ஒருக்களித்துப் படுப்பவரின் எடையோ தோளிலும் இடுப்பெலும்பிலும் குவிகிறது. அவ்விடங்களில் அழுத்தம் மிகுந்து, குருதியோட்டம் குறைந்து, மரத்துப்போகும் உணர்வு தோன்ற, உறங்குபவர் அடிக்கடி புரள்கிறார். எனவே, மல்லாந்து படுக்கும் பழக்கமுடையவருக்கு இரண்டு சென்டிமீட்டர் நுரைப்பாய் போதுமானதாக இருக்கலாம். ஒருக்களித்துப் படுப்பவருக்கு ஆறு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட தடிப்பு வேண்டும்.

காற்றுப்பாயை முழு இறுக்கத்தில் வைத்துப் படுப்பது பலர் செய்யும் தவறு. இறுகிய பாய் பலகையைப் போன்றது. உடல் அதில் சற்றும் அமிழாது. முதலில் முழுதாக ஊதி, அதன்மீது படுத்தபடியே சிறிது சிறிதாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். இடுப்பு அமிழ்ந்தும் தரையைத் தொடாமலும் இருக்கும் நிலையே சரியான நிலை.

பெரும்பாலான பாய்கள் 183 சென்டிமீட்டர் நீளமும் 51 சென்டிமீட்டர் அகலமும் உடையவை. அகன்ற தோளுடையவரின் கைகள் இவ்வகலத்தினின்று வெளியே விழும். எடையைக் குறைக்க விரும்புவோர், தோள் முதல் முழங்கால்வரை மட்டும் தாங்கும் 120 சென்டிமீட்டர் நீளப் பாயைக் கொண்டு, காலின்கீழ் வெற்றுப்பையை வைத்துக்கொள்வர். ஒரே கூடாரத்தில், ஒரே பாயில் ஒருவர் வெப்பத்தையும் மற்றவர் குளிரையும் உணர்வது இயல்பே. இயல்பாகக் குளிர் மிகுதியாக உணர்பவர், பிறர் கூற்றைப் பின்பற்றாமல் வெப்பத்தடை எண் ஒரு படி கூடிய பாயைத் தேர்தல் வேண்டும்.

சுமைக் கணக்கு

நடைப்பயணி தம் வீட்டைத் தம் முதுகிலேயே சுமப்பவர். முதுகுப்பையின் மொத்த எடை, சுமப்பவரின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சாதிருத்தல் நன்று என்பது மலையேற்றத்தினர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது 10 கிலோ. உணவு, நீர், உடை, கூடாரத்தின் பங்கு ஆகியவற்றுக்குப் பின் படுக்கைக்கு எஞ்சுவது சிறிதே. அதில் பாய் ஒரு கிலோவை எடுத்துக்கொண்டால் வேறொன்றைக் குறைக்க வேண்டியிருக்கும். ஊர்தி செல்லும் இடத்தில் முகாமிடுவோருக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அவர்கள் தடித்த பாயையோ வீட்டு மெத்தையையோகூட எடுத்துச் செல்லலாம். ஆகவே, பாயைப் பற்றிய முதல் வினா, 'அதனை எவ்வளவு தொலைவு சுமக்க வேண்டும்?' என்பதாக இருத்தல் வேண்டும்.

மூன்று இரவுகள், மூன்று பாய்கள்

ஏறத்தாழ ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் 6.5 டிகிரி செல்சியஸ் என்னும் அளவில் காற்றின் வெப்பநிலை குறைகிறது. இதனையும் நிலத்தின் தன்மையையும் கொண்டு தேர்வை வகுக்கலாம்.

மலையடிவாரத்தில் ஏப்ரல் மாத இரவு ஒன்றைக் கொள்வோம். தரை வெதுவெதுப்பாக இருக்கும். கல்லும் வேரும் உறுத்துவதே இங்குச் சிக்கல். வெப்பத்தடை எண் ஒன்று அல்லது இரண்டு உடைய எளிய நுரைப்பாய் போதும். விலையுயர்ந்த பனிக்காலப் பாயில் படுப்பவர் வியர்வையில் நனைவார்.

அடுத்து, நீலகிரியில் சனவரி மாத இரவு. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிவிடுவதால், புல்நுனிகளில் உறைபனி படியும். இங்கு மூன்று அல்லது நான்கு என்னும் எண்ணுடைய பாய் தேவை. புதிதாக வாங்க இயலாதவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. வெப்பத்தடை எண்கள் கூட்டத்தக்கவை. எண் இரண்டு உடைய நுரைப்பாய்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் தடை நான்காகிவிடும். குறைந்த செலவில், முள்ளுக்கும் கல்லுக்கும் அஞ்சாத படுக்கை கிடைத்துவிடும்.

மூன்றாவது, இமயத்தில் பனிமீது அமைத்த முகாம். இங்கு எண் ஐந்துக்குக் குறையலாகாது. பட்டறிவுடையோர் பலர் கீழே ஒரு நுரைப்பாயும் அதன்மீது வெப்பத்தடுப்புள்ள காற்றுப்பாயும் விரிப்பர். காற்றுப்பாய் ஓட்டையானாலும் நுரைப்பாய் உயிர் காக்கும் என்பதே அவர்தம் கருத்து. ஒன்று கெட்டால் இன்னொன்று துணை நிற்க வேண்டும் என்பது உதவி எளிதில் எட்டாத இடங்களுக்குரிய நெறி.

பயன்பாடும் பேணுதலும்

இடத்தைத் தேர்வதும் படுக்கையின் ஒரு பகுதியே. குளிர்ந்த காற்று கனமானதாதலால் பள்ளங்களில் தேங்கும். மழை பெய்தால் நீரும் அங்கேயே சேரும். சற்று மேடான சமநிலமே ஏற்றது. விரிப்பதற்குமுன் கல், முள், சுள்ளி ஆகியவற்றைக் கையால் தடவி நீக்க வேண்டும்.

காற்றுப்பாயை வாயால் ஊதினால் மூச்சிலுள்ள ஈரம் உள்ளே சேரும். கடுங்குளிரில் அது உறையும். நாளடைவில் பூஞ்சையும் தோன்றும். காற்றடைக்கும் பையைப் பயன்படுத்துவது நன்று. மாலையில் இறுக்கமாக ஊதிய பாய் நள்ளிரவில் தளர்ந்திருப்பதைக் கண்டு, ஓட்டை விழுந்துவிட்டதென அஞ்ச வேண்டியதில்லை. 27 டிகிரி செல்சியஸில் அடைத்த காற்று 0 டிகிரிக்குக் குளிர்ந்தால், வாயு விதிப்படி அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு சுருங்கும். படுக்கப்போகுமுன் மீண்டும் சிறிது ஊதினால் போதும்.

உண்மையான ஓட்டையைக் கண்டறிய, சோப்புநீரைப் பாயின்மீது தடவிக் குமிழி எழும் இடத்தைப் பார்க்க வேண்டும். அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி ஒட்டுத்துண்டு ஒட்டலாம். தானே விரியும் பாயை வீட்டில் சுருட்டி வைக்கலாகாது. நெடுநாள் நசுங்கிக் கிடந்த பஞ்சு விரியும் ஆற்றலை இழந்துவிடும். வால்வைத் திறந்து, விரித்த நிலையிலேயே வைத்தல் வேண்டும்.

காட்டுக்குச் செய்யும் கடமை

முற்காலப் பயணிகள் தங்குமிடத்தில் கிடைத்த இளங்கிளைகளை வெட்டிப் பரப்பிப் படுத்தனர். ஒருவர் செய்தபோது காடு அதனைத் தாங்கியது. ஆயிரக்கணக்கானோர் செல்லும் இக்காலத்தில் அவ்வழக்கம் காட்டை அழிப்பதாகும். தேளும் பாம்பும் மறைந்திருக்கும் சருகுக் குவியலைக் கிளறுவது பயணிக்கும் இடர் தரும். காப்புக்காடுகளிலும் காட்டுயிர்ச் சரணாலயங்களிலும் வனத்துறையின் ஒப்புதலின்றி நுழைவதும் தங்குவதும் சட்டப்படி குற்றமாகும். படுக்கையைச் சுமந்து சென்று, சுமந்து திரும்புவதே முறை. நுரைப்பாயிலிருந்து பிய்ந்து விழும் சிறு துண்டுகள் மட்கா நெகிழியாதலால், கிளம்புமுன் அவற்றையும் பொறுக்கி எடுத்துவர வேண்டும்.

எங்கே படுக்கப்போகிறோம், எப்படிப் படுக்கும் பழக்கம் உடையோம், எவ்வளவு தொலைவு சுமப்போம், கெட்டுவிட்டால் மாற்று என்ன என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்டவர், கடையில் எந்தப் பாயின் முன்னும் குழம்பி நிற்பதில்லை. மிக உயர்ந்த விலைக்குரிய பாய் அவருக்குத் தேவைப்படாமலும் போகலாம். குகையில் கோரை பரப்பிய மனிதர் தொடங்கிப் பனிமலையில் காற்றுப்பாய் விரிப்பவர்வரை எல்லாரும் தேடியது, உடலுக்கும் மண்ணுக்கும் இடையே அசையாது நிற்கும் சிறிதளவு காற்றையே. அதனை இடமறிந்து, அளவறிந்து அமைத்துக்கொண்டவர் இரவில் நன்றாக உறங்கி, விடியலில் தெளிந்த மனத்தோடு நடையைத் தொடர்வார்.

கற்பவை கற்றபின்...

1. வீட்டில் உள்ள கோரைப்பாய், சமுக்காளம், போர்வை, நுரைப்பஞ்சு விரிப்பு ஆகியவற்றைக் குளிர்ந்த தரையில் விரித்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் உள்ளங்கையை வைத்து உணர்ந்த வேறுபாட்டை அட்டவணைப்படுத்துக.

2. பாடத்தில் உள்ள கணக்கைப் பின்பற்றி, வெப்பத்தடை எண் 5 ஆக இருந்தால் ஏற்படும் வெப்ப இழப்பைக் கணக்கிடுக.

3. உங்கள் பகுதியில் பாய் நெய்வோரையோ மெத்தை தைப்போரையோ கண்டு, அவர்தம் தொழிலில் வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.

4. உங்கள் பள்ளி மாணவர்கள் மலைப்பகுதியில் ஓர் இரவு தங்குவதாகக் கொண்டு, அதற்கு ஏற்ற படுக்கையைப் பரிந்துரைத்துத் தலைமையாசிரியருக்குக் காரணங்களுடன் கடிதம் எழுதுக.